கேக்கின் மேல் எழுதிய மதிப்பெண்

தேர்வு முடிவு வந்த அன்று மாலை எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் ஆளுயர பேனர். பத்தாம் வகுப்பு எழுதிய பையன் கோட்டு போட்டுச் சிரிக்கிறான். தலைக்கு மேலே அவன் வாங்கிய மதிப்பெண், முகத்தைவிடப் பெரிதாக. உள்ளே கேக். அதன் மேலும் அதே எண். எல்லோரும் கை தட்டினார்கள், போனில் படம் பிடித்தார்கள். அவன் தங்கை படிப்பில் சுமார். கதவோரம் நின்று காகிதத் தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

"சந்தோஷப்படுவதில் என்ன தப்பு சார்?" என்பார்கள். சந்தோஷத்தில் தப்பே இல்லை. பிள்ளையை விட்டுவிட்டு எண்ணைக் கொண்டாடுகிறோமே, அதுதான் தப்பு.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்களுக்கு எல்லாப் பாடமும் இருபதுக்குத்தான். பத்து வாங்கினால் கவலையில்லை; பதினான்கு வாங்கினால் நல்ல மாணவன். "இருபது கடவுளுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு" என்று முசியே சொல்லிச் சிரிப்பார். சின்ன வகுப்புகளில் 'போன் புவான்' என்று சிறு அட்டைச் சீட்டு தருவார்கள். பத்துச் சீட்டு சேர்ந்தால் ஒரு படம். கோழி கிறுக்கினதுபோல எழுதுகிறவனும் நேற்றைவிட இன்று திருத்தமாக எழுதினால் ஒரு சீட்டு வாங்கிவிடலாம்.

அந்தப் படத்தை ஆயாவிடம் காட்டுவேன். ஆயாவுக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. "எவ்வளவு?" என்று அவள் கேட்டதே இல்லை. திருநீறு பூசி, ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போடுவாள். வருஷ முடிவில் அம்மா சேமியா பாயசம் வைப்பாள். வீட்டில் ஐந்து பிள்ளைகள். பாஸானவனுக்கும் ஒரு டம்ளர், ஆகாதவனுக்கும் ஒரு டம்ளர். பாஸானவன் பெரியவர்கள் காலில் விழுந்துவிட்டு, நாலு வீட்டுக்குச் சர்க்கரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

அந்த வழக்கத்தை என் வீட்டில் கெடுத்தவன் நானேதான். 1990-இல் மூத்தவன் வகுப்பில் முதலாவதாக வந்தபோது கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தேன். மூன்று வருஷம் கழித்து இளையவள் மார்க் ஷீட்டோடு வந்து நின்றாள். "கணக்கில் ஏன் இவ்வளவு குறைந்தது?" என்றேன். கணக்கு அவளுக்கு வராது. ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து போராடித்தான் பாஸானாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். அன்று வீட்டில் பாயசம் இல்லை. இன்று அவளுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. நல்ல செய்தி எதையும் முதலில் என்னிடம் சொல்ல மாட்டாள். அம்மாவிடம் சொல்வாள், அவள் வழியாக எனக்கு வரும்.

பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-இல் தமிழ்நாடு அரசே நிறுத்திவிட்டது. புதுச்சேரிப் பிள்ளைகளும் அப்போது அதே தேர்வைத்தான் எழுதினார்கள். அரசாங்கம் வேண்டாமென்று விட்டதை நாம் வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோம்.

"பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டாமா?" வேண்டும். விடியற்காலையில் எழுந்ததைப் பாராட்டுங்கள். அந்தப் பழக்கம் அடுத்த வருஷமும் கூட வரும். மதிப்பெண்ணைப் பாராட்டினால், அடுத்த முறை அது குறைந்துவிடுமோ என்ற பயம்தான் கூட வரும். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் இது கெடுதல்தான்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேரப்பிள்ளை போன் செய்தால் "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது, எப்படிச் சமாளித்தாய்?" என்று கேளுங்கள். பேனர் காசில் சேமியாவும் வெல்லமும் வாங்கி வையுங்கள். முடிவு எப்படி வந்தாலும் பாயசம் வைத்துவிடுங்கள். எல்லா டம்ளரிலும் ஒரே அளவு ஊற்றுங்கள்.