தரகுக் கூலியில் மிச்சமா?

வீடு விற்க முனைவோர் முதலில் கேட்பது, "தரகு எத்தனை விழுக்காடு?" என்பதே. 50 இலட்ச ரூபாய் வீட்டுக்கு 2 விழுக்காடு என்றால் 1 இலட்சம். 1 விழுக்காடு என்றால் 50,000.

பட்டா உங்கள் பெயரில் இருந்து, வில்லங்கச் சான்றும் தெளிவாக இருப்பின், ஆளை மட்டும் காட்டும் மலிவான தரகரே போதும். வாப்பா பெயரிலேயே கிடக்கும் வீடென்றால் நிலைமை வேறு. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வெளிநாட்டிலுள்ள சகோதரரின் அதிகாரப் பத்திரம், மணமாகிச் சென்ற சகோதரியின் கையொப்பம் என அலைந்து சேர்ப்பவருக்கு 2 விழுக்காடு தகும். ஆனால், சகோதரியிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம் என யோசனை கூறும் தரகர் இலவசமாக வந்தாலும் வேண்டாம்!

விலையில் 2 இலட்சம் குறைந்தால் 2 விழுக்காட்டுக்காரருக்கும் நட்டம் 4,000 தான். எனவே அக்கம்பக்கத்து விலையை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். வாங்குபவரிடமும் தரகு பெறுகிறாரா என்பதை முன்பணத்துக்கு முன்பே கேட்டு, எழுத்தில் பெறுங்கள்.