காப்பகத்து நாய்க்கு வீடும் வேண்டும், பூங்காவும் வேண்டும்

பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்தில் மீண்டும் விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பகத்தை எங்கே கட்டுவது, எத்தனை கூண்டு வைப்பது, செலவு யாருடையது என்ற கேள்விகள் அந்த உத்தரவோடு சேர்ந்தே எழுந்தன. உள்ளே போகும் நாய் வெளியே வருவது எப்படி என்ற கேள்வி மட்டும் பின்னுக்குப் போய்விட்டது. வரத்துக்காலை வெட்டிவிட்டுக் கலிங்கு கட்டாமல் விட்ட ஏரி எத்தனை மழைக்குத் தாங்கும்?

ஒரு நாய் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். அத்தனை காலமும் அதற்குத் தீனி, மருந்து, பராமரிக்க ஆள் வேண்டும். வெளியேறும் வழி இல்லாத காப்பகம் சில மாதங்களில் நிரம்பும். நெரிசலில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்கள் பரவும், நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். கடைசியில் கதவைத் திறந்துவிடுவதும் கணக்கை மறைப்பதும்தான் மிஞ்சும். ஆகவே நமது நிலைப்பாடு இது: காப்பகம் கட்டும் ஒவ்வொரு மாநகராட்சியும் தத்தெடுப்பைத் தன் சொந்தக் கடமையாக ஏற்று நடத்த வேண்டும். தத்தெடுத்தவர் அந்த நாயோடு நகரில் நடமாடுவதற்கான இடங்களையும் அதே கையோடு உருவாக்க வேண்டும்.

தத்தெடுப்புக்கான வழியை நீதிமன்றமே காட்டியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 உத்தரவின்படி, விரும்பும் எவரும் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். அந்த நாய்க்கு அடையாளக் குறி இடப்படும். அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவர் பொறுப்பு. இது நடைமுறைக்கு வர வேண்டுமென்றால், விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில் யாரிடம் கொடுப்பது என்பது சாதாரணக் குடிமகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று நாய் வேண்டும் என்பவர் தொண்டு நிறுவனங்களையும் வாட்ஸ்அப் குழுக்களையும்தான் தேடிப் போகிறார்.

தத்தெடுப்பு தெருநாய்ச் சிக்கலையே தீர்த்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. சென்னை மாநகராட்சியின் 2018 கணக்கெடுப்பில் தெருநாய்கள் 60,000க்கும் குறைவு. 2024 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.8 லட்சம். தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின. வெறிநோய்க்கு 40க்கும் மேற்பட்டோர் பலியாயினர். கடிபட்ட குழந்தையின் பெற்றோரிடம் போய் ஜீவகாருண்யம் பேச முடியாது. தெருவில் பிறப்பைக் குறைப்பது கருத்தடையும், வெறிநோயைத் தடுப்பது தடுப்பூசியும்தான். பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கிய பிடித்துக் கொல்லும் முறை நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தும் பலன் தரவில்லை என்று கண்ட பிறகே, 1996இல் சென்னை கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் அதற்காக நெடுங்காலம் வாதாடியது. அந்தத் திட்டம் வேகம் பெற வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கருத்தடை புதிய குட்டிகளைத்தான் தடுக்கும். ஏற்கெனவே காப்பகத்தில் இருக்கும் குட்டிக்கும், வண்டியில் அடிபட்டுக் கால் இழந்ததற்கும், பள்ளி வளாகத்திலிருந்து பிடித்து வரப்பட்டதற்கும் விடை தத்தெடுப்பில்தான் இருக்கிறது.

தத்தெடுப்புக்குப் பெரிய தடை, பணம் கொடுத்து இன நாய் வாங்கும் மோகம். நாற்பது டிகிரி வெயில் அடிக்கும் ஊரில், பனிப்பிரதேசத்தில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை ஏசி அறையில் அடைத்து வைக்கிறோம். நாய் வளர்ப்போருக்கான 2017ஆம் ஆண்டு மத்திய விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. விதி இருந்தும், தாயிடமிருந்து பிரித்து எடுத்து வந்த பச்சைக் குட்டிகள் அட்டைப் பெட்டியில் விலை போகின்றன. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட 11 இனங்களின் இனப்பெருக்கத்தைத் தடைசெய்யும் கொள்கை ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறுபரிசீலனை செய்வதாக இருந்தால் செய்யட்டும், கிடப்பில் போட வேண்டாம்.

வாங்கிய மோகம் தீர்ந்ததும் அந்த நாய்களில் பலவற்றின் கதி என்ன என்பது காப்பகங்களில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். வீடு மாறுகிறார்கள், குழந்தை பிறக்கிறது, நாய்க்குத் தோல் நோய் வருகிறது. ஓர் இரவில் அது நெடுஞ்சாலையோரம் இறக்கிவிடப்படுகிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது குற்றம். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். சென்னையில் செல்லநாய்க்கு உரிமம் வாங்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். அதே நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போனால் 50 ரூபாய்! இந்தச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர் மாநிலங்களவையில் விடாமல் குரல் கொடுத்த ருக்மிணி தேவி அருண்டேல். அவர் வாழ்ந்த நகரிலிருந்தே அந்தத் தொகையைத் திருத்தும் கோரிக்கை தில்லிக்குப் போக வேண்டும். இப்போது சென்னையில் செல்லநாய்க்கு மைக்ரோசிப் கட்டாயம் ஆகிவிட்டதால், கைவிடப்பட்ட நாய் யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. தண்டிக்கும் சட்டத்துக்குத்தான் வலு இல்லை.

காப்பகத்து நாய் என்றால் நோயாளி, குணம் கெட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முறையாக நடக்கும் காப்பகத்தில் தத்துக்குக் கொடுக்கப்படும் வளர்ந்த நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்திருக்கும். அதன் உயரம் என்ன, குரைப்பு எப்படி, குழந்தைகளிடம் எப்படிப் பழகும் என்பதெல்லாம் பராமரிப்பவருக்குத் தெரியும். கடையில் வாங்கும் குட்டி வளர்ந்து எப்படி ஆகும் என்று விற்பவரே சொல்ல முடியாது. நாட்டு நாய் நம் வெயிலுக்குப் பழகியது; ரோமம் குட்டை, பராமரிப்புச் செலவு குறைவு. புது வீட்டில் சில வாரம் கட்டிலுக்கு அடியில் பதுங்கும், பொறுமை வேண்டும். ஒத்துவராவிட்டால் மீண்டும் ஒப்படைக்க வழி இருக்க வேண்டும்; ஒப்படைத்தவரைக் குற்றவாளியாகப் பார்க்கவும் கூடாது. திரும்பக் கொடுக்க வழியில்லை என்ற பயத்தாலேயே தத்தெடுக்கத் தயங்குபவர்கள் உண்டு.

நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தால் போதுமா? அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் நாய் எங்கே ஓடும்? மாநகராட்சிப் பூங்காவின் வாசலில் நாய்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை, நடைபாதையில் கடைகள், மிச்சமிருப்பது வாகனங்கள் பறக்கும் சாலை. நாளெல்லாம் பால்கனியில் கட்டிப்போட்ட நாய், வேறு மனிதரையும் வேறு நாயையும் பார்த்தே பழகாத நாய், பயத்தில் பாயும். ஆபத்தான நாய்கள் இப்படியும் உருவாகின்றன.

குழந்தைகளுக்கே விளையாட இடமில்லை, நாய்க்குப் பூங்கா ஒரு கேடா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியவை தெருநாய்கள் அல்ல; ஒருவர் வளர்த்த ராட்வீலர்கள். குழந்தை விளையாடும் இடத்துக்குள் கட்டவிழ்த்த நாய் வந்ததுதான் அங்கே நடந்த பிழை. நாய்க்கென வேலியிட்ட தனி இடம் இருந்தால், மற்ற எல்லா இடங்களிலும் கயிறும் வாய்மூடியும் கட்டாயம் என்று கறாராகச் சொல்லும் தகுதி மாநகராட்சிக்கு வரும். அந்த வகையில் நாய்ப் பூங்கா குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

தெலங்கானாவில் இது நடந்திருக்கிறது. ஹைதராபாத் மாநகராட்சி, குப்பை கொட்டப்பட்டுக் கிடந்த 1.3 ஏக்கர் நிலத்தைச் சுமார் 1.1 கோடி ரூபாய் செலவில் மாற்றி, கொண்டாப்பூரில் 2018இல் நாய்ப் பூங்கா திறந்தது. நடைபாதை, புல்வெளி, தண்ணீர்த் தொட்டி, பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் தனித்தனி அடைப்பு என எல்லாம் அங்கே உண்டு. சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் குறிப்பிட்ட சிறு இன நாய்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2012 முதல், காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்படும் கலப்பு நாய்களுக்கென்று அந்த விதி தளர்த்தப்பட்டது. இடம் குறைந்த அந்தத் தீவு நகரத்தில் வீட்டுவசதி விதியே தத்தெடுப்புக்குத் துணை நிற்கிறது. இங்கோ, குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளைத் தடைசெய்ய முடியாது, லிஃப்டில் ஏற்ற மறுக்கவும் முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் தந்தும், வாடகைக்கு வீடு தேடுபவரிடம் முதல் கேள்வியே நாய் இருக்கிறதா என்பதுதான். வெளியூர்ப் பயணமும் எளிதல்ல. ரயிலில் முதல் வகுப்பு ஏசி அறையை முழுதாகப் பதிவுசெய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது கார்டு பெட்டியின் கூண்டில்தான் போக வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நடுத்தரக் குடும்பம் நாயை என்ன செய்யும்?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சென்னையின் ஒவ்வொரு மண்டலத்திலும் தத்தெடுப்புக்கு ஓர் அலுவலரும், மாதம் ஒரு தத்தெடுப்பு முகாமும் வேண்டும். காப்பகத்திலிருந்து எடுக்கும் நாய்க்கு உரிமம், மைக்ரோசிப், முதல் ஆண்டுத் தடுப்பூசி இலவசமாகட்டும்; விலைக்கு வாங்கிய இன நாயின் உரிமக் கட்டணத்தை உயர்த்தி அந்தச் செலவை ஈடுகட்டலாம். மண்டலத்துக்கு ஒரு நாய்ப் பூங்கா போதும். புதிய நிலம் இல்லாத இடத்தில், இருக்கிற பெரிய பூங்காவின் ஒரு மூலைக்கு வேலியும் இரட்டைக் கதவும் தண்ணீர்க் குழாயும் போதும். உரிமமும் தடுப்பூசிச் சான்றும் காட்டினால்தான் உள்ளே அனுமதி. மலத்தை அள்ளாதவருக்கு அபராதம். சீறும் நாயைக் கொண்டுவருபவருக்குத் தடை. இப்படிப் பூங்காவின் வாசலே உரிமம் எடுக்கத் தூண்டும். கோவை, மதுரை, திருச்சி மாநகராட்சிகளும் தங்கள் அளவுக்கு இதைச் செய்யலாம்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். பொது இடம் கேட்கும் உரிமை, அந்த இடத்தைச் சுத்தமாக வைக்கும் கடமையோடுதான் வரும். நாயைக் கண்டால் நடுங்கும் முதியவரும் குழந்தையும் அதே தெருவில்தான் நடக்கிறார்கள். ‘எங்க நாய் ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்லிக் கயிற்றை அவிழ்ப்பவர், அடுத்தவருக்கு வரவிருந்த பூங்காவுக்கும் வேட்டு வைக்கிறார்.

அடுத்த பட்ஜெட்டில் காப்பகங்களுக்கு நிதி ஒதுக்கும் மாநகராட்சிகள், தத்தெடுப்புக்கும் நாய்ப் பூங்காவுக்கும் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை நாய்கள் உள்ளே வந்தன, எத்தனை வீடு போய்ச் சேர்ந்தன, எத்தனை இறந்தன என்ற கணக்கை வெளியிட வேண்டும். இவை இல்லாமல் வரும் காப்பகத் திட்டத்தை மாமன்ற உறுப்பினர்கள் கை தூக்கி நிறைவேற்றக் கூடாது.