வீட்டுக் கணினிக்கு எந்த இயங்குதளம்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, 2017ஆம் ஆண்டிற்கு முன் வெளிவந்த கணினிகளுள் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. ஆகவே, பெங்களூரில் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு கேள்வி எழுந்துள்ளது. திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கும் மடிக்கணினியைப் பழைய பொருளாகத் தள்ளிவிடுவதா? உரிமமில்லாத படியை யாரிடமேனும் வாங்கிப் பதித்துக்கொண்டு காலத்தை ஓட்டுவதா? இரண்டும் வேண்டா என்பேன். கட்டற்ற இயங்குதளம் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே தக்க வழி.

தமிழாசிரியருக்கு இயங்குதளத்தைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் எண்ணலாம். வாரத்தில் சில பாடவேளைகளே தமிழ் படிக்கும் உங்களுக்கு, வீட்டுக் கணினியும் தமிழில் பேசினால் அது இன்னொரு வகுப்பறையாகும் அன்றோ? அதனால்தான் இக்கவலை.

கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும். படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 1991இல் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் இருபத்தொன்றாம் வயதில் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல் இவ்வகையைச் சேர்ந்தது. உங்கள் பெற்றோரின் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் அதுவே. 2017 நவம்பர் முதல் உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் இயங்குகின்றன.

ஆனால், லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இங்கேதான் இளையோர் தடுமாறுகின்றனர். புதியது எது, திரையில் அழகாகத் தோன்றுவது எது என்று தேடுகின்றனர். வீட்டுக் கணினிக்கு அவை அளவுகோல்கள் அல்ல. அப்பா வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் தங்கை வீட்டுப்பாடம் எழுதுவதும் அதே கணினியில்தான். ஆறு மாதத்திற்கொருமுறை உருமாறும் இயங்குதளம் அங்கே தொல்லையாகும். உபுண்டு ஈராண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில், நீண்டகால ஆதரவுப் பதிப்பை வெளியிடுகிறது. அதற்கு ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இடையில் வரும் பதிப்புகளுக்கோ ஒன்பது மாதங்களே ஆயுள். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பின்மேல் கட்டப்பட்டது லினக்ஸ் மின்ட். விண்டோஸுக்குப் பழகிய கண்ணுக்கு அதன் திரை அயலாகத் தோன்றாது. இடக்கீழ் மூலையில் பட்டியல், கீழே பணிப்பட்டை, எல்லாம் பழகிய இடத்தில் இருக்கும். முதன்முதலாக லினக்ஸுக்கு வருபவர்க்கு மின்ட்டையே பரிந்துரைப்பேன். நினைவகம் குறைந்த பழைய கணினி என்றால் அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு பொருந்தும். எஸ்.பி. சாலையில் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்தினால் வேகம் இன்னும் கூடும்.

அண்டை மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். அங்கு அரசுப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பப் பாடம் கட்டற்ற மென்பொருளிலேயே கற்பிக்கப்படுகிறது. உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்டு 2019இல் அவர்கள் வெளியிட்ட இயங்குதளம், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கென ஆயத்தமானது. ஒரே இயங்குதளத்தைத் தேர்ந்து ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்ததால், ஐயம் எழுந்தால் கேட்க ஆள் இருந்தது. நமக்கும் அதுவே முதன்மையானது. உங்கள் குடியிருப்பில் ஓர் அண்ணனோ அக்காவோ உபுண்டு அறிந்தவராக இருந்தால், நான் மின்ட் என்று சொன்னதை மறந்துவிட்டு உபுண்டுவையே பதியுங்கள். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளத்தை அறிந்தவர் இருந்தால் அதுவும் நன்றே.

பதிக்கும் முன் ஒன்று செய்க. மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா என்று சோதியுங்கள். மனம் நிறைந்த பின்பே பதியுங்கள். அதற்கு முன் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்துவைப்பது கட்டாயம். பதிக்கும்போது வன்தட்டு முழுவதும் அழிந்துபோகக்கூடும். சில விளையாட்டுகளும் அலுவலக மென்பொருள்களும் லினக்ஸில் இயங்கமாட்டா. அப்பாவின் பணிக்கு அவை இன்றியமையாதவை எனில், அவரைக் கேட்காமல் கணினியைத் தொடாதீர்கள்.

பதித்த பின், மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்தால் பட்டியல்கள் தமிழில் வரும். உலகெங்குமுள்ள தன்னார்வலர் மொழிபெயர்த்தவை அவை. சில சொற்கள் கரடுமுரடாக இருக்கும்; இன்னும் மொழிபெயர்க்கப்படாத தொடர்களும் உண்டு. அவற்றைத் திருத்தி அனுப்ப உங்களுக்கும் உரிமை உண்டு. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்த அதனைத் தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றது. பக்கத்து வீட்டு நண்பனுக்காகக் கன்னடத்தையும் அங்கேயே சேர்க்கலாம். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு அடுத்த மடலை ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டாமல் தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்புங்கள்.