எத்தனை பவுன்?

பெண் பார்த்தாகிவிட்டது, பிடித்தும் போய்விட்டது. தாம்பூலம் மாற்றும் நேரத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி, எத்தனை பவுன்?" என்று கேட்பாரே, அந்தக் குரலை நீங்கள் அறிவீர்கள். அதை எதிர்த்து மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பின்னும் அக்குரல் அடங்கவில்லை என்பதையும் அறிவோம். ஆனால் அதே கேள்வியை ஒரு நாட்டின் சர்க்காரே, சட்டப் புத்தகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, கூச்சமின்றிக் கேட்கிறது என்றால் நம்புவீர்களா? கேட்கிறது! பாராளுமன்றங்களின் தாய் என்று புகழப்படும் பிரிட்டனில் கேட்கிறது. நம் ஊர்ப் பவுன் தங்கம். அவர்கள் ஊர்ப் பவுன் நாணயம். வேற்றுமை அவ்வளவுதான்!

பிரிட்டிஷ் குடிமகனோ, அங்கே நிலையாக வாழ உரிமை பெற்றவனோ, கடல் கடந்து இருக்கும் தன் மனைவியை அழைத்து வந்து குடும்பம் நடத்த விரும்பினால், ஆண்டுக்கு இத்தனை பவுன் வருமானம் உண்டு என்று கணக்குக் காட்டியாக வேண்டும். கணவனை அழைக்கும் மனைவிக்கும் இதே விதி. 2012 ஜூலை 9ஆம் நாள் இவ்விதி நடைமுறைக்கு வந்தபோது தொகை 18,600 பவுன். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள குழந்தை ஒன்றும் உடன் வருமானால் 22,400. அதற்குமேல் ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400. பிள்ளைக்கும் விலைப்பட்டியல்! 2023 டிசம்பரில், ரிஷி சுனாக் ஆட்சியின் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளவர்லி, இதை ஒரே தாவலில் 38,700 ஆக்கப்போவதாக அறிவித்தார். கூக்குரல் எழுந்தது. "படிப்படியாக உயர்த்துவோம்" என்று அம்மாதமே பின்வாங்கினார்கள். முதற்படியாக, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுன் என்று வைத்தார்கள். புதிதாக விண்ணப்பிப்போர்க்குக் குழந்தைக் கணக்கை மட்டும் நீக்கினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய இந்திய வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தவர் பிரதமராக அமர்ந்திருந்த காலத்தில் நடந்தது இது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்பார்களே, அது இதுதான்.

இனி, கணக்கைக் கவனியுங்கள் தோழர்களே! அதே ஏப்ரல் முதல் நாள், அதே ஆட்சி, தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுன் என்று நிர்ணயித்தது. வாரம் 40 மணி, ஆண்டு முழுதும் 52 வாரம், ஒரு நாளும் ஓயாமல் ஒருவன் உழைத்தால் அவனுக்குக் கிடைப்பது 23,795 பவுன். "இது உன் வாழ்வுக்குப் போதும்" என்று வலக்கையால் எழுதிய சர்க்கார், பத்தே நாளில், "இது உன் மனைவியோடு வாழப் போதாது" என்று இடக்கையால் எழுதிற்று! மறு ஆண்டு கூலி 12.21 ஆக உயர்ந்தது. அப்போதும் அவன் ஆண்டு வருமானம் 25,400ஐ எட்டவில்லை. முதியோர் இல்லத்தில் ஆங்கிலக் கிழவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கை மாற்றும் ஊழியன் அவன். விடியுமுன் அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கும் பெண் அவள். அவர்கள் உழைப்பு வேண்டும். அவர்கள் இல்லறம் மட்டும் ஆகாதாம். மாற்றுத்திறனாளிக்குரிய உதவித்தொகை பெறுவோர் போன்ற சிலருக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு, மறுக்கவில்லை. முழு நேரம் வியர்வை சிந்துபவனுக்குத்தான் விலக்கில்லை!

வருமானம் குறைந்தால் சேமிப்பைக் காட்டலாமே என்பார்கள். காட்டலாம், விதி சொல்கிறது. முதல் 16,000 பவுன் கணக்கிலேயே சேராது. அதற்குமேல், குறைகிற தொகையைப்போல் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். 2024இல் குறைந்தபட்சக் கூலி வாங்கியவனுக்கு இதன்படி 29,000 பவுனுக்குச் சற்று மேல் வேண்டும். வருமானமே இல்லாதவனுக்கு 88,500. ஆறு மாத காலம் பாங்கியில் அசையாமல் கிடக்க வேண்டும். குறைந்த கூலிக்காரனிடம் இத்தனை கட்டுப் பணம் எங்கிருந்து முளைக்கும்? மனைவி சென்னையில் பொறியாளராகக் கைநிறையச் சம்பாதித்தாலும், முதல் விசாவுக்கு அச்சம்பளம் செல்லாக்காசு. லண்டனில் அவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று கடிதம் காட்டினாலும் அப்படியே. மாமனார் தாங்குகிறேன் என்றாலும், விதிவிலக்கான நிலைமை என்று அதிகாரி ஏற்றால்தான் அது செல்லும்.

ஏன் இத்தனை கெடுபிடி? "வருகிறவர்கள் வரி கொடுப்போர் தலையில் சுமையாகிவிடக் கூடாது" என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விசாவையே எடுத்துப் பாருங்கள்: பொது நிதியிலிருந்து உதவி பெற உரிமையில்லை என்ற நிபந்தனையோடுதான் அதைத் தருகிறார்கள்! மருத்துவ வசதிக்கென்று 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 1,035 பவுன் தனியாக, முன்கூட்டியே, கறந்துவிடுகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் வேறு. 2025 ஏப்ரலில் அது 1,938 ஆயிற்று. உதவியும் கிடையாது, மருத்துவத்துக்கும் காசு வாங்கியாயிற்று. பிறகு எந்தச் சுமையைப்பற்றி இந்தக் கூப்பாடு?

வழக்கும் நடந்தது. 2017 பிப்ரவரி 22இல் பிரிட்டனின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாயிரம் தம்பதிகளுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் இவ்விதி பெருந்துன்பம் விளைத்திருக்கிறது, இனியும் விளைக்கும் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். குழந்தைகளின் நலத்தை முறையாகக் கருதவில்லை என்று சர்க்காரைக் கண்டித்தார்கள். ஆனால் வருமான வரம்பு என்ற கொள்கை செல்லும் என்றுவிட்டார்கள்! தந்தையைக் கண்ணாடித் திரையில் மட்டுமே கண்டு வளர்கிற பிள்ளைகள் அங்கே உண்டு. அக்குடும்பங்களுக்கு 'ஸ்கைப் குடும்பங்கள்' என்றே பெயர் வழங்கலாயிற்று. திரையைத் தொட்டு "அப்பா" என்னும் குழந்தைக்குத் தீர்ப்பின் நுணுக்கம் விளங்குமா?

டோரிகள் செய்தது வியப்பில்லை. செல்வர் கட்சி செல்வர்க்கே சட்டம் செய்யும். நம் சினம் தொழிற்கட்சியின்மீதுதான். 1979இல், மணமுடிக்க வந்த இந்திய ஆசிரியை ஒருவரை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னிமைச் சோதனைக்கு ஆளாக்கிய இழிசெயல் வெளியாயிற்றே, அப்போது ஆட்சியில் இருந்தது அக்கட்சி. குடியேறுவதை முதல் நோக்கமாகக் கொண்டு மணம் செய்யவில்லை என்று மெய்ப்பிக்கச் சொல்லித் தம்பதிகளை வாட்டிய விதியை 1997இல் ஒழித்ததும் அக்கட்சியே, அதற்காகப் பாராட்டினோம். 2024 ஜூலையில் மீண்டும் ஆட்சி கிடைத்தது. 38,700க்குப் போகும் படிகளை நிறுத்தினார்கள். நன்று. குடியேற்ற ஆலோசனைக் குழுவை ஆராயச் சொன்னார்கள். அதுவும் நன்று. 2025 ஜூனில் குழு அறிக்கை தந்தது: 38,700க்குக் காரணமே விளங்கவில்லை, குறைந்தபட்சக் கூலிக்காரனும் குடும்பத்தோடு வாழ வேண்டுமென்று கருதினால் 23,000 முதல் 25,000 வரை போதும் என்று வழிகாட்டியது. அந்த அறிக்கை வந்த நாளிலும் 29,000 அப்படியே நின்றது. தொழிலாளியின் பெயரைக் கட்சிக்குச் சூட்டிக்கொண்டவர்கள், தொழிலாளியின் மனைவியை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்!

இது நமக்கெதற்கு என்கிறீர்களா? சாதியும் சடங்கும் புரோகிதமும் வேண்டாம், மனமொத்த இருவர் மாலை மாற்றினால் மணம் என்று 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் கண்டவர்கள் நாம். புரோகிதரை எழுப்பிவிட்டு அந்த மணையில் சம்பளச் சீட்டை உட்காரவைக்கும் ஏற்பாட்டைப் பார்த்து, வேற்று நாட்டுச் செய்தி என்று நாம் வாளாவிருக்க முடியாது. ஈழத்திலிருந்து போனவர், தமிழகத்திலிருந்து போனவர் என்று நம்மவரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் தமிழ்த் தோழர்களுக்கு ஒரு சொல்: காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்ற முறையில் இந்தியர்க்கும் இலங்கையர்க்கும் அங்கே ஓட்டுரிமை உண்டு. பொங்கல் விழா மேடைக்குப் பொன்னாடை போர்த்திக்கொள்ள வரும் பாராளுமன்ற உறுப்பினரிடம் 29,000 என்ற எண்ணை எழுதிக் கொடுத்து, உங்கள் கட்சி இதை எப்போது குறைக்கும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எமக்கும் ஒரு படி அனுப்புங்கள், இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.