மிச்ச நூலில் ஒரு பாஞ்சோ!

குரோஷா பின்னுகிறவர்கள் வீட்டில் ஒரு பை கட்டாயம் இருக்கும். குழந்தையின் தொப்பியில் மிஞ்சிய மஞ்சள், வாசல் தோரணத்தில் மிஞ்சிய சிவப்பு, எதற்கு வாங்கியது என்றே மறந்துபோன பச்சை என்று அதில் குட்டிக் குட்டி உல்லன் உருண்டைகள். தனியாக எதற்கும் போதாது. தூக்கிப் போடவும் மனசு வராது. சேர்த்துப் பின்னினால், ஊட்டிப் பயணத்துக்கு வீட்டுச் சிறுமிக்கு ஒரு பாஞ்சோ ரெடி.

பாஞ்சோ, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களின் உடை. நடுவில் தலை நுழைய இடம் விட்ட போர்வை என்று சொல்லலாம். கை வைத்துத் தைக்கும் வேலை இல்லை. கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னினால், நூல் தீரும் இடத்தில் முடித்துக்கொள்ளலாம். மிச்ச நூலுக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பு இல்லை.

ஆனால், கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவிடக் கூடாது. அசல் கம்பளி வெந்நீரில் சுருங்கும். அக்ரிலிக் அப்படிச் சுருங்காது. இரண்டும் கலந்தால், பல நாள் உழைப்பு முதல் சலவையிலேயே கோணலாகிவிடும். லேபிள் தொலைந்த நூலில் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பார்க்கலாம். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். அடர்சிவப்பு, கருநீல நூல்களை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தி, சாயம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது தடிமன். மெல்லிய நூல் என்றால் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினால், தடித்த நூலுக்கு ஈடாகும்.

குழந்தையின் தலை தாராளமாக நுழையும் அளவுக்குத் தளர்வாகச் செயின் போட்டு, முறுக்கு விழாமல் வளையமாக இணைக்க வேண்டும். செயின் அதிகம் இழுபடாது என்பதால், இங்கே இறுக்கினால் தலை மாட்டிக்கொள்ளும். பிறகு மூன்று மூன்று டபுள் குரோஷேவாகச் சுற்றி வர வேண்டும். முன் நடுவிலும் பின் நடுவிலும் மட்டும் ஒரே இடத்தில் மூன்று, இரண்டு செயின், மறுபடி மூன்று. அந்த இரண்டு முனைகளில்தான் பாஞ்சோ விரியும்.

ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடப் பெரிது. அதனால் சின்ன உருண்டைகள் கழுத்தருகே, பெரியவை கீழே. ஒரு சுற்றுக்கு முன்னும் பின்னும் உருண்டையைச் சமையலறைத் தராசில் வைத்தால், எத்தனை கிராம் செலவானது என்று தெரியும். மிச்சம் அதைவிடச் சற்று அதிகம் இருந்தால்தான் அதே நிறத்தில் அடுத்த சுற்று. இல்லாவிட்டால் பாதியில் நூல் தீர்ந்து, பிரிக்க வேண்டி வரும்.

எந்த நிறம் அதிகம் இருக்கிறதோ, அதை மூன்று சுற்றுக்கு ஒருமுறை கொண்டுவந்தால், ஒட்டுப்போட்டதுபோல் இல்லாமல் திட்டமிட்டுப் பின்னியதாகவே தெரியும்.

அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்துவிட்டால்? ஓரத்தில் இன்னும் இரண்டு சுற்று. அதற்குள் பையில் புது மிச்சம் சேர்ந்திருக்கும்!