பட்டைக் காலத்துப் புண்ணியம்

திண்டுக்கல்லில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பேகம்பூர் டீக்கடையிலிருந்து கல்லூரிக் கருத்தரங்கு வரை ஒரே கதைதான் வரும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள், ஒரு கேடும் இல்லை. பிறகு குரோமியம் வந்தது, ஊரே நாசமானது. தோல் ஷாப்பு முதலாளி இதைச் சொல்கிறார். கிணறு போன விவசாயியும் சொல்கிறார். துணிப்பையோடு வரும் இயற்கை ஆர்வலரும் சொல்கிறார். பிரியாணியைத் தவிர இவர்கள் மூவரும் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றாகத்தான் இருக்கும். அதனாலேயே இதைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்து தோல் ஷாப்புத் தொழிலாளர்களை நேரில் அறிந்தவர் டி. செல்வராஜ். அவருடைய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, ஊரே கொண்டாடியது. கொண்டாடியவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. படித்திருந்தால் பட்டைக் காலத்துப் புண்ணியத்தை இப்படிப் பேச வாய் வராது. நாவல் நடப்பது சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளில். அன்று இங்கே பெரும்பாலும் பட்டைப் பதனிடல்தான். அந்தப் பொற்காலத்தில் நாவலின் நாயகன் ஓசேப்பும் அவன் கூட்டாளிகளும் எப்படி இருக்கிறார்கள்? முன்பணம் வாங்கிய கடனுக்கு அடிமைப்பட்டு, சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறார்கள். கையும் காலும் வெந்து புண்ணாகின்றன. குளித்தாலும் போகாத நாற்றத்தைக் காட்டி ஊர் அவர்களை ஒதுக்குகிறது. சாதியைச் சொல்லி ஏற்கெனவே ஒதுக்கி வைத்த ஊர்தான் அது. சங்கம் கட்ட அவர்கள் பட்ட பாட்டைத்தான் நாவல் விரித்துச் சொல்கிறது. குரோமியத்தின் கதையல்ல அது. ஆனால் நஞ்சு முதலில் எங்கே இறங்கியது என்பதை எந்த ஆய்வறிக்கையையும்விடத் துல்லியமாகச் சொல்கிற புத்தகம். கிணற்றுக்குப் போகும் முன்பே அது கூலிக்காரன் உடம்புக்குள் போய்விட்டது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தோலைப் பட்டையில் போடுவதோ குரோமியத்தில் போடுவதோ பாதி வேலை முடிந்த பிறகு வருகிற கட்டம். அதற்கு முன் ஊறவைப்பது, சுண்ணாம்பில் போடுவது, முடி களைவது, சதை வழிப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. முடி களைய இன்று சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் உப்பு. ஆட்டை உரித்த இடத்திலேயே தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். தோலின் எடையில் 30, 40 சதவீதம் வரை. தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் தொட்டியில் ஊறவைக்கும்போது அந்த உப்பு கரைந்து வெளியே போகிறது. பட்டைத் தோலானாலும் குரோமியத் தோலானாலும் போகிற உப்பு ஒன்றுதான்.

குரோமியத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மலைபோலக் கிடந்ததை நாடே அறியும். ஆனால் கழிவுநீரில் சுண்ணாம்பு கலந்தால் குரோமியத்தில் பெரும்பகுதி சேறாக அடியில் தங்கிவிடும். உப்பு தங்காது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வளர்க்கிற நுண்ணுயிர்களும் உப்பைத் தின்பதில்லை. உப்பு ஒவ்வொரு தொட்டியாகக் கடந்து மறுபக்கம் வெளியேறிவிடும். ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் திண்டுக்கல் பக்கம் குடகனாற்றின் மேல்பகுதியில் நிலத்தடி நீரைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, நீர் கெட்டதற்கு முதன்மைக் காரணமாகத் தோல் தொழிலில் கொட்டும் உப்பைத்தான் சுட்டியது. தென்னை காய்ந்தது, வாயில் வைத்தால் கரிக்கிறது என்று மக்கள் சொல்கிற குறைகளெல்லாம் உப்பின் குறைகள். குரோமியத்துக்கு ருசி கிடையாது.

பட்டை இயற்கையானது என்கிறார்கள். பட்டைத் தொட்டியிலிருந்து வழிகிற கருஞ்சிவப்புத் தண்ணீரைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை யோசித்துத்தான் சொல்வார்கள். அது எளிதில் மட்குவதில்லை. சரி, பட்டை எங்கிருந்து வந்தது? ஆவாரை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையை இறக்குமதி செய்தார்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வனத்துறை பழனி மலையில் வாட்டில் மரங்களை நட்டது. கொடைக்கானல் மேட்டில் மழையைப் பிடித்து ஓடைகளுக்கு விட்டுக்கொண்டிருந்த புல்வெளிகள் அந்த மரங்களுக்குக் கீழே போயின. கீழே கிணறு கெட்டதை மட்டும் பேசுகிறோம். மேலே மலை மொட்டையடிக்கப்பட்டு வேறு தலைமுடி ஒட்டவைக்கப்பட்டதும் அதே தோலுக்காகத்தான்.

குரோமியம் ஏதோ அந்நிய ஆவி போல ஒருநாள் ஊருக்குள் புகுந்துவிடவில்லை. சென்னையில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900களின் தொடக்கத்திலேயே அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். 1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு சுருக்கி, முழுதாகப் பதனிட்ட சரக்குக்குச் சலுகை கொடுத்ததும் முதலாளிகள் வேகமாக மாறினார்கள். டாலருக்காக எடுத்த முடிவு அது. அதற்கு ரசாயனத்தின் மேல் பழி.

28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதாக ஒரு கணக்கெடுப்பும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நல்ல தீர்ப்புதான். ஆனால் மாசு என்ற பேச்சு ஊருக்குள் சூடு பிடித்தது நிலமும் கிணறும் உள்ளவர்களைத் தொட்டபோது. குழிக்குள் நின்றவன் கால் வெந்தபோது அதற்குத் தொழில் என்றுதான் பெயர். பட்டைக் காலம் சுத்தமானது என்று சொல்ல முடிவதே, அந்தக் கால்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால்தான்.

இந்த நம்பிக்கையால் யாருக்கு லாபம்? குரோமியத்தைக் குறைத்துவிட்டேன் என்று முதலாளி கணக்குக் காட்டலாம். குரோமிய அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று அதிகாரி கோப்பை மூடலாம். பட்டையில் பதனிட்டது, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று அட்டை கட்டிய கைப்பையை நகரத்துக்காரர் கூடுதல் விலை கொடுத்து வாங்கி நிம்மதியாகத் தோளில் மாட்டலாம். அந்தப் பைக்கான தோலிலும் உப்பு இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, குழியில் ஒருவர் நின்றார்.

ஊறவைக்கும் முன் தோலைச் சட்டத்தில் தட்டி உப்பை உதறிவிட்டால் கழிவுநீரில் போகிற உப்பு கணிசமாகக் குறையும் என்று அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. சிரமமான வித்தையில்லை. ஆனால் தட்டுவதற்கு ஆள்கூலி வேண்டும், உதறிய உப்பை மழை படாமல் வைக்க இடமும் அதைக் கொண்டுபோக ஒரு வழியும் வேண்டும். குரோமியத்தைத் திட்டுவதற்கு இதில் எதுவும் தேவையில்லை.