178 ரூபாயும் 7.25 டாலரும்

அமெரிக்காவில் ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், நம் காசுக்கு 600 ரூபாய்க்கு மேல். இந்தியாவின் தேசிய அடிமட்டக் கூலி நாள் முழுவதற்கும் 178 ரூபாய். இந்த ஒப்பீட்டைச் சொல்லிவிட்டு, "அது பணக்கார நாடு, நாம் என்ன செய்ய முடியும்" என்று பெருமூச்சு விடுபவர்கள் நிறைய. தோழர்களே, இந்தக் கணக்கும் தவறு, அதிலிருந்து எடுக்கும் முடிவும் தவறு.

முதலில் கணக்கு. கூலிக்காரர் அரிசியை டாலரில் வாங்குவதில்லை. ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று பெருக்கினால் அங்கே எட்டு மணி நேரக் கூலி நம்முடையதைப் போல 27 மடங்குக்கு மேல். அந்தந்த ஊர் விலைவாசியை வைத்து, அதாவது ஒரு டாலர் அங்கே வாங்குவதை இங்கே ஏறத்தாழ 20 ரூபாய் வாங்கும் என்று வைத்தால், இடைவெளி ஆறரை மடங்காகச் சுருங்கும். அதுவும் பெரிய இடைவெளிதான். ஆனால் ஒரு நாளின் ஒப்பீட்டைவிட, ஆண்டுக்கணக்கில் என்ன நடந்தது என்பதே முக்கியம்.

அமெரிக்காவின் 7.25 டாலர் 2009 ஜூலையில் வந்தது. அதன்பிறகு கூட்டாட்சி அரசு ஒரு காசு ஏற்றவில்லை. விலைவாசியோ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிட்டது. 1968-ல் இருந்த 1.60 டாலர், 2024 விலையில் 14 டாலருக்கு மேல். அதாவது தாத்தா வாங்கிய கூலியின் மதிப்பில் பாதிதான் பேரனுக்கு.

இந்தியாவில் 2017-ல் 176 ரூபாய். அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு, ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் உணவையும் மற்ற செலவுகளையும் கணக்கிட்டு 2018 ஜூலை விலையில் நாளுக்கு 375 ரூபாய் வேண்டும் என்றது. 2019 ஜூலையில் ஒன்றிய அரசு கொடுத்த உயர்வு இரண்டு ரூபாய். அந்த 178 ரூபாய்க்கு 2025-ல் இருந்த மதிப்பு, 2019-ன் 130 ரூபாய் அளவுதான். கூலியைக் குறைக்க யாரும் அரசாணை போடவில்லை. எண்ணை அப்படியே விட்டுவைத்தார்கள். மீதியை விலைவாசி பார்த்துக்கொண்டது.

ஏழை நாடு, பணக்கார நாடு இரண்டிலும் ஒரே தந்திரம். அப்படியானால் காரணம் வறுமை இல்லை. யார் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

அமெரிக்கா 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டுவந்தபோது விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலை செய்வோரையும் வெளியே நிறுத்தியது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெருமளவில் இருந்த வேலைகள் அவை. 1963 வாஷிங்டன் பேரணி கேட்டவற்றில் ஒன்று, அன்று 1.15 டாலராக இருந்த மணிக் கூலியை 2 டாலராக்குவது. 1966 திருத்தம் விவசாயம், மருத்துவமனை, சலவையகம் ஆகியவற்றுக்குச் சட்டத்தை விரித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் கறுப்பர், வெள்ளையர் வருமான இடைவெளி சுருங்கியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த விரிவாக்கத்தால் வந்தது என்று எலோரா டெரெனன்கோர்ட், கிளேர் மான்டியாலூ ஆகியோரின் ஆய்வு காட்டுகிறது. இன்றும் அலபாமா, மிசிசிப்பி, லூசியானா போன்ற தென் மாநிலங்களுக்குச் சொந்தக் கூலிச் சட்டம் கிடையாது; அங்கே 7.25தான்.

இங்கே 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்திய சட்டமன்றத்தில் வைத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1948-ல் சட்டம் ஆனபோது மற்ற தொழில்களுக்கு இரண்டு ஆண்டில் கூலி நிர்ணயம், விவசாயத்துக்கு மூன்று ஆண்டு. அந்தக் கெடுவும் தள்ளித் தள்ளிப் போனது. விவசாயக் கூலி யார்? 2011 கணக்கெடுப்பில் உழைப்போர் அனைவரிலும் 30 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் ஏறக்குறைய 46 விழுக்காடு. கூலி உறைந்தால் சேரி உறைகிறது.

விலைவாசியோடு சம்பளத்தை ஏற்ற அரசுக்குத் தெரியாதா? அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி பார்க்கிறது. பணவீக்கக் குறியீட்டை வைத்து நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளம் தானாக உயர 2018-ல் சட்டம் செய்தார்கள். ஒரு லட்சம் ரூபாய் 1.24 லட்சம் ஆனது. அதே குறியீடு களை எடுக்கும் பெண்ணின் கூலிக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

"178 வெறும் பரிந்துரை, பல மாநிலங்களில் கூலி அதைவிட அதிகம்" என்பார்கள். ஆம். ஆனால் தரை தாழ்ந்திருந்தால் அதன்மேல் நிற்கிற மாநிலத்துக்கு அதுவே சாக்கு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அடிமட்டக் கூலிக்குச் சட்ட வலு தருகிறது. ஆனால் குறைந்தபட்சக் கூலியை மறுபரிசீலனை செய்ய ஐந்து ஆண்டு வரை இழுக்கலாம் என்கிறது. வலு மட்டும் போதாது. 375-ஐ இன்றைய விலைக்கு உயர்த்தி அடிமட்டமாக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறியீட்டோடு அது தானாக ஏற வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாநிலத்தின் விவசாயக் கூலி அரசாணைகளைப் பத்து ஆண்டுக்கு எடுங்கள். ஒவ்வொரு ஆண்டின் கூலியையும் அந்த ஆண்டின் விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அந்தக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஊர்க் கூட்டத்தில் காட்டுங்கள். சட்டக்கூலிக்குக் குறைவாக வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சட்டக்கூலியையே கரைய விடுவதற்கு என்ன பெயர் என்று அங்கே கேளுங்கள்.